பாதிரித் தோட்டத்துப் படிக்கல்

இடிந்த சுவரைப் பார்ப்பதற்கென்றே ஜீப் வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்களை ஏற்றிப்போவதில்தான் என் வீட்டு உலை பாதி கொதிக்கிறது என்பது வேறு சங்கதி. வாரத்தில் ஐந்து நாள் போடியிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை மலைக்கு ஏற்றிப்போவேன். சனி, ஞாயிறு என்றால் தொப்பி வைத்தவர்கள். எடுப்புக்குப் போகிற பெண்கள் பதினைந்து பேர் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து வந்தாலும் சிரித்துக்கொண்டேதான் வருவார்கள். தொப்பிக்காரர்கள் ஆறு பேர் வந்தால் கால் நீட்ட இடமில்லை என்பார்கள்.

போடிமெட்டுப் பாதையில் பாதி ஏறியதும் ஒரு மண்பாதை பிரியும். அதில் நாலு கிலோமீட்டர் குலுங்கினால் பாதிரித் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு சபையைச் சேர்ந்த சாமியார்கள் அந்தக் காட்டை வளைத்து முதலில் காப்பி போட்டார்கள், பிறகு ஏலம் போட்டார்கள். ஒரே சம்பளத்தில் காயும் விளையும், ஆத்துமாவும் விளையும் என்று கணக்கு. காலையில் மணி அடித்தால் எல்லாரும் ஜெபத்துக்கு வர வேண்டும். ஜெபத்துக்கு வந்தவனுக்குத்தான் அன்றைக்கு அரிசி. நாடு விடுதலையான வருடம் மூட்டையைக் கட்டினார்கள். இப்போது அங்கே இருப்பது கூரை போன ஒரு ஜெபவீடு, மணி தொங்கிய இரண்டு தூண், காய் உலர்த்திய ஸ்டோரின் மூன்று சுவர், நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சதுரக் கல்மேடை. அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு அமைதி!" என்று கண்ணை மூடுவார்கள். ஆளே இல்லாத இடத்தில் அமைதி இல்லாமல் கரகாட்டமா நடக்கும்?

நான் சொல்ல வந்தது அந்தச் சுவரைப் பற்றி அல்ல, மகாராணி அக்காவைப் பற்றி.

பேர்தான் மகாராணி. பிறந்தது மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில், எட்டுக்குப் பத்து அறையில். பத்தொன்பது வயதில் போடியில் வாக்கப்பட்டாள். புருஷன் காய் மூட்டை தூக்குகிறவர், தங்கமான மனிதர். தங்கமான மனிதர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள், அவரும் நாற்பத்தெட்டில் போய்விட்டார். ஒரே மகள் சுகன்யா திருப்பூரில் இருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் அக்கா எடுப்புக்குப் போனாள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஆனால் காய் மட்டும் அடித்தூரில், தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். எடுக்கிறவள் நாள் பூராவும் குத்தவைத்தே நகர வேண்டும். மழை, அட்டை எல்லாம் இருக்கும். முதலாளிமார் மட்டும் நிமிர்ந்து நடப்பார்கள்.

அதில் அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. இப்போது போடியில் ஒரு காய்க்கடையில் காலை நீட்டி உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள். முறத்தில் கொட்டிய காயில் வெடித்தது, வெளுத்தது, பூச்சி விழுந்தது என்று விரல் போவதற்குள் அவள் கண் பொறுக்கிவிடும். ஆட்களையும் அப்படித்தான். "அவன் வெளுத்த காயிடா" என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். தன் சொந்த அண்ணன் வெள்ளைத்துரையை அவள் வெகுநாளைக்கு முன்பே முறத்துக்கு வெளியே எறிந்துவிட்டாள்.

அண்ணனும் தங்கையும் முட்டிக்கொண்டது சாமி விஷயத்தில்.

அவர்கள் வகையறாவுக்குக் குலதெய்வம் சீலைக்காரி. அந்தக் குடும்பத்தில் என்றைக்கோ அகாலமாய்ச் செத்துத் தெய்வமான ஒரு பெண். மாசி மாதம் அவளுக்கு ஒரு புதுச்சீலை படைப்பார்கள். கும்பிட்டு முடிந்ததும் அதைக் கிழித்துக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். வாங்கினவள் அதைப் பெட்டியில் சேர்த்து வைப்பாள். அவள் செத்தால் சேர்ந்த துண்டுகளை எல்லாம் மேலே போர்த்தித்தான் தூக்குவார்கள். ஆத்தாளின் சீலையோடு போனால் ஆத்தாளிடமே போய்ச் சேரலாம் என்பது நம்பிக்கை.

தேவாரம் என்கிற ஊரில் பஞ்சம் வந்து அந்தக் குடும்பம் மலையேறிப் பாதிரித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, சாமிக் கல்லையும் தூக்கிப்போய் லயத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். தோட்டம் மூடியதும் ஆட்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். இருபது வருடம் கழித்து, கையில் கொஞ்சம் ஓட்டம் வந்த பிறகுதான் பங்காளிகளுக்கு ஆத்தா ஞாபகம் வந்தது. தேடிப் போனார்கள். புதருக்குள் அந்தச் சதுரக் கல்மேடை தெரிந்தது. கல்லைக் காணோம். "கல்லு போனா என்ன, இதுதான் ஆத்தா பீடம்" என்று ஒருவன் சொன்னான், எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள், இருந்தவர்களுக்கு விசாரிக்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து வருடா வருடம் அந்த மேடைக்குத்தான் கிடாவெட்டு. ஐம்பத்தைந்து வருடக் கிடா.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் மேடையைக் கும்பிட மாட்டாள். மகாராணியின் அம்மா சோலையம்மாள். சின்னப் பிள்ளையாக அந்தத் தோட்டத்தில் தண்ணீர் சுமந்தவள் அவள். ஜெபவீட்டு வாசலில் கிடக்கும் அடிப்படிக்கல்லில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவாள். "ஆத்தா இங்கனதான் கெடக்கா" என்று ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னாள். அதற்குப் புருஷன் கையால் அறை வாங்கினாள். பங்காளிகள் கூடி, "இவ வேதத்துக்குப் போயிட்டா, அதான் வேதக்கோயில் வாசலைக் கும்பிடுறா" என்று தீர்ப்புச் சொன்னார்கள். வேதம் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவம். அன்றிலிருந்து சீலைத் துண்டு கொடுக்கிறபோது சோலையம்மாளைத் தாண்டித்தான் கொடுத்தார்கள். அவள் ஆறு வருடத்துக்கு முன்னால் செத்தபோது மேலே போர்த்த ஒரு துண்டுகூட இல்லை.

போன வருடம் பாதிரித் தோட்டத்தை யாரோ வெளியூர்க்காரர் வாங்கிவிட்டார். தங்கும் விடுதி கட்டப் போகிறார், ஐப்பசி பிறந்தால் கேட் போட்டுப் பூட்டிவிடுவார் என்று தெரிந்ததும் அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஜீப்பில் கொண்டுபோய் விட்ட நானும் வாசலில்தான் இருந்தேன்.

"பூட்டுறதுக்குள்ள பிடிமண் எடுத்துட்டு வந்துருவோம்ணே. போடியிலயே ஒரு எடத்துல வச்சுக் கும்பிடலாம்" என்றாள்.

சாமி இருக்கிற இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துவந்து வேறு இடத்தில் வைத்தால் சாமி அங்கே குடிவரும். அதுதான் பிடிமண். இதற்கு ஒரு பிடி மண்ணும் ஒரு மஞ்சள் துணியும் போதும். வெள்ளைத்துரைக்கு அதற்கும் மனசு வரவில்லை.

"மாசிக்குப் பாத்துக்கலாம்."

"மாசிக்குள்ள பூட்டிருவான்ணே."

"பூட்டுனா பேசித் தொறக்கலாம். எனக்குத் தெரியாத ஆளா? இதுல பொம்பள நீ எதுக்கு வர்ற? கட்டிக்குடுத்தவளுக்குப் புருசன் வீட்டுச் சாமிதான். போய்ச் சோலியப் பாரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இவர் பூசாரிகூட இல்லை, கிடாக்கறியைப் பங்கு போடுகிறவர்.

திரும்பி வரும்போது அக்கா கேட்டாள். "தம்பி, ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு ஆள் கொண்டு போறியா?"

"மெட்ராஸ்ல இருந்து ஆறு பேர் வர்றாங்கக்கா."

"முன்சீட்டுல என்னையும் வச்சுக்க. பிடிமண்ணை நானே எடுத்துட்டு வர்றேன். எவன் கேக்குறான்னு பாப்போம்."

வந்த ஆறு பேருக்கும் தலைவர் பிரபு என்பவர். பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிற குழு வைத்திருக்கிறார். வழி நெடுக அந்தச் சாமியார்களின் தியாகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடல் கடந்து வந்தார்களாம், மலேரியாவில் செத்தார்களாம், பாமர மக்களுக்கு எழுத்தறிவித்தார்களாம். அக்கா முன்சீட்டில் இருந்து திரும்பாமலே கேட்டாள்.

"எங்க அம்மாவுக்குக் கைநாட்டுத்தான் சார். அவளுக்கு மட்டும் அறிவிக்க மறந்துட்டாகளோ?"

பிரபு மறுபடி மலேரியாவுக்கே திரும்பினார்.

தோட்டத்தில் இறங்கியதும் தொப்பிக்காரர்கள் சுவரைத் தடவினார்கள், தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். அக்கா மெதுவாக மேடைப் பக்கம் நொண்டிப்போய் மஞ்சள் துணியை விரித்தாள். மேடையடியில் மண்ணை அள்ளக் குனிகிற சமயத்தில் பிரபு எல்லாரையும் அங்கே கூப்பிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு பழைய புகைப்படத்தை உயர்த்திப் பிடித்தார். அந்தச் சபை நடத்திய பத்திரிகையில் வந்ததாம், ரெண்டு வருஷமாகத் தேடி எடுத்தாராம்.

படத்தில் அதே கல்மேடை. மேலே வெள்ளை அங்கி போட்ட தாடிக்காரர் ஒருவர் பேரேட்டை விரித்துவைத்து நிற்கிறார். கீழே கூடைகளோடு ஆட்கள் வரிசையாய்க் குத்தவைத்திருக்கிறார்கள். மேடையிலேயே, தாடிக்காரர் பக்கத்தில், மேல்சட்டை இல்லாத ஒருவர் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்திருக்கிறார்.

"பாருங்க, எவ்வளவு உருக்கமா ஜெபம் பண்றார்! படிப்பறிவில்லாத ஒரு கூலித்தொழிலாளி, தன்னையே ஒப்புக்கொடுத்து நிக்கிறார்" என்றார் பிரபு. ஒரு அம்மாள் கர்ச்சீப்பை எடுத்தார்.

"இங்கிட்டுக் கொண்டாங்க சார்" என்றாள் அக்கா.

வாங்கி, முறத்தைச் சாய்க்கிற மாதிரி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இந்தாளு ஜெபம் பண்ணல."

"அம்மா, இது ஒரு ஆவணம். உங்களுக்குப் புரியாது..."

"கையப் பாருங்க சார். ரெண்டு கையிலயும் கல்லு இருக்கு."

எல்லாரும் குனிந்தோம். இருந்தது. விரிந்த கையைப் பார்த்தவர்கள் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கையிலும் தேங்காய் அளவுக்கு ஒரு கல். ரெண்டு வருஷம் தேடி எடுத்தவருக்கு அது கண்ணில் படவில்லை.

"முட்டி போடவச்சு, கையில கல்லக் குடுத்து வெயில்ல நிறுத்தியிருக்கான். பெரட்டுக்கு நேரங்கழிச்சு வந்திருப்பாரு. இல்லாட்டி ஜெபத்துக்கு வரமாட்டேன்னிருப்பாரு" என்றாள் அக்கா.

காலையில் ஆட்களை உட்காரவைத்துப் பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். அதை நடத்துகிறவன் ஏறி நிற்கத்தான் மேடை.

"அப்ப இது ஆத்தா பீடம் இல்லையாக்கா?" என்றேன்.

"பெரட்டு மேடைடா. தொரை ஏறி நின்ன கல்லுக்குத்தான் எங்க ஆளுக வருசா வருசம் கிடா வெட்டியிருக்கானுக." சிரித்தாள். முழங்கால் வலியையும் மறந்து, மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "தம்பி, முட்டி போட்டுருக்காரே, அவரு காதப் பாரு. முறம் மாதிரி இருக்கா? எங்கண்ணன் காது இதே காதுதான். பாட்டனக் கல்லுச் சுமக்க வச்ச எடத்துல பேரன் விழுந்து கும்பிடுறான். வேட்டி அழுக்காகுதுன்னு துண்டு விரிச்சுல்ல கும்பிடுறான்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். குரங்குக்கு ஐம்பத்தைந்து வருடம் கிடா வெட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவின் சிரிப்பு திடீரென்று நின்றது. தலையைத் திருப்பி ஜெபவீட்டு வாசலைப் பார்த்தாள்.

"ஜாக்கியும் கடப்பாரையும் கொண்டா தம்பி."

எதற்கென்று நான் கேட்கவில்லை. அடிப்படிக்கல்லின் ஒரு ஓரத்தைத் தோண்டி ஜாக்கியைக் கொடுத்தேன். பிரபு ஓடிவந்தார்.

"என்ன பண்றீங்க? நூத்திருபது வருஷப் பழைய கட்டடம் இது. ஒரு கல்லக்கூட அசைக்கக் கூடாது!"

"இது ஒங்களுக்குப் பழசு சார். எங்க ஆத்தா அதவிடப் பழசு" என்றாள் அக்கா.

ஜாக்கி ஏற ஏற மண் விட்டது. கடப்பாரையைப் போட்டு நெம்பினேன். தொப்பிக்காரர்களில் ஒரு பையனுக்காவது புத்தி இருந்தது, வந்து கை கொடுத்தான். கல் புரண்டு விழுந்தது. அடிப்பக்கம் முழுக்கச் சேறும் வேரும். அக்கா பிரபு கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி ஊற்றி, முந்தானையால் துடைத்தாள்.

முதலில் ஒரு கை தெரிந்தது. மேலே தூக்கிய கை, மணிக்கட்டில் வளையல். பிறகு கொண்டை, பிறகு முகம். அந்தக் காலத்துச் சாமியார்கள் சாமிக் கல்லைப் பிடுங்கி, குப்புறக் கிடத்தி, வாசலுக்குப் படியாகப் போட்டிருக்கிறார்கள். ஜெபத்துக்குப் போகிற ஒவ்வொருவனும் சொந்தத் தெய்வத்தின் முதுகில் மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. ஆனால் மிதித்து மிதித்துத் தேய்ந்தது முதுகுதான். முகம் நேற்றுக் கொத்தியது போல இருந்தது.

"அற்புதமான கண்டுபிடிப்பு!" என்று பிரபு படம் எடுக்க ஆரம்பித்தார். அசைக்கக் கூடாது என்ற வாய் இன்னும் மூடவில்லை. பிற்பாடு அவர் எழுதிய கட்டுரையைச் சுகன்யா போனில் படித்துக் காட்டினாள். அதில் கல்லைக் கண்டுபிடித்தது அவர்தான். உடன் ஒரு உள்ளூர்ப் பெண்மணி இருந்தாராம்.

அக்கா கும்பிடவில்லை. மண்டி போட முடியாமல், காலை நீட்டி மண்ணில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பப் பதினோரு வயசு தம்பி" என்றாள். "அம்மா யாருக்கும் தெரியாமத்தான் இதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துட்டேன். கிடாக்கறி வெந்துக்கிட்டு இருக்கு, எல்லாரும் உக்காந்திருக்காக. ஓடிப்போய்ப் பெரியப்பாகிட்ட, அம்மா வேதக்கோயில் படியக் கும்பிடுதுன்னு சொன்னேன். அவரு என்னையக் கெட்டிக்காரின்னு சொல்லி ஈரலை எடுத்துக் குடுத்தாரு. தின்னுக்கிட்டே நின்னேன். எங்கய்யா கூப்பிட்டுக் கேட்டப்பத்தான் அம்மா, ஆத்தா இங்கனதான் கெடக்கான்னு சொல்லுச்சு. அறைஞ்சாரு."

நான் ஜாக்கியிலிருந்து கம்பியைக் கழற்றினேன்.

"அண்ணன் வெளுத்த காயின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். வெடிச்ச காயி நான்தான்டா. எங்கம்மா துண்டில்லாமப் போனதுக்கு நான்தான் காரணம்."

அழுதாள். தொப்பிக்காரர்கள் அதையும் படம் எடுக்கப் பார்த்தார்கள். ஜாக்கி கம்பியோடு நான் திரும்பியதில் கேமரா கீழே இறங்கியது.

கல் கிடந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள். பிடிமண் போதும், கல் வேண்டியதில்லை என்பதுதான் முறை. ஆனால் விடுதிக்காரன் கையில் விட்டால் கல் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அலங்காரமாய் நிற்கும். ஆகவே ஆத்தாளையும் ஜீப்பில் ஏற்றினோம். தொப்பிக்காரர்களுக்கு அன்றைக்கு உண்மையாகவே கால் நீட்ட இடமில்லை.

மறுநாளே வெள்ளைத்துரை நாலு பங்காளிகளோடு அக்கா வீட்டுக்கு வந்தார். கல் முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றது.

"பொம்பள சாமி தூக்குறதா? எவன் குடுத்த உரிமை?" என்று குதித்தார்.

பிரபு ஊருக்குப் போகும்போது கொடுத்திருந்த புகைப்படப் பிரதியை அக்கா எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் பார்த்தார். மேடையைப் பார்த்தார், கல்லேந்திய கைகளைப் பார்த்தார். பிறகு அவர் கை தானாகப் போய்த் தன் காதைத் தொட்டது. படத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மாசியில் பங்காளிகள் பழையபடி மலைக்குத்தான் போனார்கள். மேடையில் விடுதிக்காரர் 'தியான மேடை' என்று பலகை வைத்திருந்தார். ரத்தம் சிந்தக் கூடாது என்று அவர் சொன்னதும், சரிங்க முதலாளி என்று பொங்கல் மட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ஏன் இப்படி என்று ஒரு பங்காளியைக் கேட்டேன். "இத்தன வருசம் கும்பிட்டாச்சு. இப்ப மாத்துனா ஊரு சிரிக்கும்ல" என்றான்.

அதே நாள் அக்கா வேப்பமரத்தடியில் ஆத்தாளுக்குப் புதுச்சீலை படைத்தாள். எங்கள் ஜீப்பில் எடுப்புக்கு வருகிற பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வகையறா பார்க்காமல் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். இத்தனை வருடம் தான் சேர்த்துவைத்திருந்த துண்டுகளைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்தாள். "பெரட்டு மேடைக்குப் படைச்சதுதான இதெல்லாம். ஜீப்பு தொடைக்க வச்சுக்க."

"ஒங்களுக்கு ஒரு துண்டு எடுத்துக்கங்கக்கா" என்றேன்.

"எனக்கு வேணாம்" என்றாள். கடைசியாக மடித்துவைத்திருந்த ஒரு துண்டைக் காட்டி, "சுடுகாட்டுக்கு வண்டிய விடு" என்றாள்.

சோலையம்மாளை எரித்த இடத்தில் ஆறு வருடத்தில் எத்தனையோ பேரை எரித்தாகிவிட்டது. முந்தின நாள் யாரையோ எரித்த சாம்பல் இன்னும் அள்ளாமல் கிடந்தது. அக்கா அதன் ஓரத்தில் சீலைத் துண்டை விரித்துப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தாள். சுடுகாட்டுக் காவல்காரர் எழுந்து வந்தார்.

"யாருக்கும்மா?"

"எங்க அம்மாவுக்கு."

"எப்பத் தவறுனாக?"

"ஆறு வருசமாச்சு."

"ஆறு வருசமா? இம்புட்டு நாள் என்ன செஞ்ச?"

"வேதக்காரின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் அக்கா.